சிறு குண்டும் பெருஞ் சுமையும்

மனிதன் கண்டறிந்த கருவிகளுள் சக்கரம் தலைசிறந்தது என்று அறிஞர் கூறுவர். சக்கரத்தைப் புகழ்ந்து பேசுவோர் பலர். ஆனால், அச்சக்கரம் எதன்மேல் சுழல்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. வட்டையும் ஆரக்காலும் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன. அச்சும் குடமும் ஒன்றையொன்று தழுவும் இடமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டியின் சுமை முழுவதையும் அந்த மறைவிடமே தாங்குகிறது. தேய்மானம் முதலில் தொடங்குவதும் அங்கேதான். வெளியே தெரியும் உறுப்புகளைத் துடைத்துப் பளபளப்பாக்கும் நாம், உள்ளே இருந்து உழைக்கும் உறுப்பை, அது முனகத் தொடங்கும் வரை நினைப்பதே இல்லை.

புதுச்சேரிக்கு மேற்கே உள்ள வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் இருக்கிறது. அக்கோயிலின் தேர்த் திருவிழா பெரும்புகழ் வாய்ந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் ஆளுநரே வந்து வடம் பிடிப்பது வழக்கமாக இருந்தது. 1954ஆம் ஆண்டில் ஆட்சி கைமாறிய பின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை. துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் மரபாக அது தொடர்ந்து வந்துள்ளது. சிறுவனாக இருந்தபோது அக்கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். எல்லாரும் தேரின் உச்சியை நோக்கிக் கைகூப்புவார்கள். என் பார்வை சக்கரத்தின் நடுவில் சென்று நிற்கும். நூற்றுக்கணக்கானோர் ஒன்றுகூடி இழுத்தும் தேர் உடனே அசைவதில்லை. பிறகு ஒரு பெரும் முனகலோடு நகரத் தொடங்கும். நகர்ந்த பின் இழுப்பது சற்று எளிதாகும். நிற்கும் பொருளை அசைக்கும்போது எதிர்க்கும் உராய்வு, அது நகரும்போது எதிர்க்கும் உராய்வைவிட மிகுதியானது என்னும் பௌதிக உண்மையைப் பின்னாளில் வகுப்பறையில் படித்தபோது, எனக்கு அந்தத் தேரே நினைவுக்கு வந்தது.

எங்கள் சிற்றூர் பாகூர் ஏரியின் பாசனத்தில் வாழும் ஊர்களுள் ஒன்று. என் தந்தையார் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு கட்டை வண்டி இருந்தது. மரத்தால் ஆன குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றிய வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டை, குடத்தின் நடுவே இரும்பு அச்சு, சக்கரம் கழன்று போகாமல் காக்கும் கடையாணி ஆகியவை அதன் உறுப்புகள். பெருந்தேருக்கு அச்சாணி எத்துணை இன்றியமையாதது என்பதை வள்ளுவரும் எடுத்துக்காட்டினார் அன்றோ? வைக்கோலைக் கருக்கிய கரியை விளக்கெண்ணெயில் குழைத்து என் தந்தையார் வண்டிமை செய்வார். அது ஒரு மூங்கில் குழாயில் நிரம்பி வண்டியின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். நெடுந்தொலைவு செல்லும் முன் கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைச் சிறிது வெளியே இழுத்து, அச்சில் அந்த மையைத் தடவுவார். மை வற்றிப்போனால் சக்கரம் கிறீச்சிடும். அப்போது, ‘வண்டி மை கேட்கிறது’ என்று கூறுவது எங்கள் வீட்டு வழக்கு.

மை தடவினாலும் அச்சும் குடமும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியே செல்கின்றன. வழுக்குவதைவிட உருள்வது எளிது. இதனை நீங்களே சோதித்து அறியலாம். ஒரு கனத்த புத்தகத்தை மேசைமேல் வைத்து ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். பின்னர் அதன் அடியில் ஏழெட்டுக் கோலிக்குண்டுகளைப் பரப்பிவிட்டு மீண்டும் தள்ளிப் பாருங்கள். முதலில் அசைய மறுத்த புத்தகம், இப்போது விரல் பட்டவுடன் ஓடும். இந்த உண்மையை வட்டமாக வளைத்து அமைத்ததே குண்டுத் தாங்கி. பட்டறைகளில் இதனைப் ‘பேரிங்’ என்பர். இதில் ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், இரண்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள், அக்குண்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்கும் கூண்டு என நான்கு உறுப்புகள் உண்டு. உள்வளையம் அச்சைப் பற்றி நிற்கும். வெளிவளையம் சக்கரத்தின் குடத்தோடு சேர்ந்து சுழலும். இரண்டின் நடுவே குண்டுகள் உருளும். மசகிட்ட அச்சு வெறுமனே வழுக்கும்போது உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.1 என்று கொண்டால், நல்ல குண்டுத் தாங்கியில் அது 0.0015 அளவுக்குக் குறைந்துவிடும்.

இச்சிறு பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வான் என்பவர் 1794ஆம் ஆண்டில் வண்டி அச்சுக்குக் குண்டுத் தாங்கி அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசு நகரத்து மிதிவண்டித் தொழிலாளரான ஜூல் சூரிரே என்பவர் 1869இல் மிதிவண்டிச் சக்கரத்திற்கு அதனைப் பொருத்தும் உரிமையைப் பெற்றார். அதே ஆண்டு நவம்பர் மாதம் பாரிசிலிருந்து ரூவான் நகர் வரை நடந்த மிதிவண்டிப் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் என்பவர் வெற்றி பெற்றார். அவர் ஊர்ந்த வண்டியில் குண்டுத் தாங்கிகள் இருந்தன. 1883இல் ஜெர்மனியில் சுவைன்பர்ட் நகரத்து பிரீடரிக் பிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகக் கடைந்தெடுக்கும் இயந்திரத்தை அமைத்தார். இரண்டாம் உலகப் போரில், 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும், அமெரிக்க விமானங்கள் அந்தச் சுவைன்பர்ட் நகரைத் தேடிச் சென்று குண்டு வீசின. அங்கே அரண்மனையோ கோட்டையோ அவர்களின் இலக்கன்று. தாங்கி செய்யும் தொழிற்சாலைகளே இலக்கு. அவை நின்றால் விமானமும் டாங்கியும் லாரியும் நின்றுவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் நாட்டிலும் 1946ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் இத்தொழிலுக்கென ஒரு நிறுவனம் தோன்றியது.

இனி என் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். என் தமையனார் பயிர்த்தொழில் செய்பவர். கட்டை வண்டி போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. இப்போது அவரிடம் இருப்பது ஒரு மொபெட். விடியுமுன் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் நிறைந்த இரண்டு சாக்குகளை அதில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிப் பெரிய அங்காடிக்குச் செல்வார். திரும்பி வந்ததும் அதே வண்டியில் தம் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார். அவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். போக்கும் வரவுமாக அவ்வண்டி நாள்தோறும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓடும். அதன் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.67 மீட்டர் செல்லும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 600 சுற்று. ஒரு நாளைக்கு 24,000 சுற்று. ஆண்டில் 300 நாள் ஓடினால் 72 லட்சம் சுற்று ஆகும். அத்தனை சுற்றையும் சுமையோடு தாங்குபவை, விரல் நுனியில் அடங்கும் சில குண்டுகளே.

ஒரு சனிக்கிழமை மாலை. திண்ணையில் அமர்ந்திருந்த எங்கள் தாயார், வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, “வண்டி மை கேட்கிறதப்பா” என்றார்கள். அவர்களுக்கு வயது எண்பதை நெருங்குகிறது, கண்பார்வை மங்கிவிட்டது, செவி மட்டும் கூர்மையாக இருக்கிறது.

தமையனார் சிரித்தார். “இந்த வண்டிக்கு ஏதம்மா மை? சாலை சரியில்லை. அந்த ஓசைதான்” என்றார்.

நான் எழுந்து சென்று வண்டியை நடுநிறுத்தியில் ஏற்றினேன். முன்சக்கரம் நிலத்தைத் தொடாதபடி சட்டத்தின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தேன். சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, முன்கவையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அரிசியில் கல் அரைபடுவதுபோல் ஓர் அதிர்வு கையில் தெரிந்தது. டயரின் ஓசையாயின் சாலையில் ஓடும்போதுதான் கேட்கும். பிரேக் உரசலாயின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கேட்கும். இது இரண்டும் அன்று. பின்னர் சக்கரத்தின் மேற்புறத்தை ஒரு கையாலும் கீழ்ப்புறத்தை மற்றொரு கையாலும் பற்றி, பக்கவாட்டில் அசைத்தேன். அசையக் கூடாத சக்கரம், ‘டக் டக்’ என்று அசைந்தது. குடத்தினுள் இருக்கும் பேரிங் தேய்ந்துவிட்டது என்பதில் ஐயம் இல்லை.

“அண்ணா, இந்த வண்டியை இனி எடுக்க வேண்டாம்” என்றேன்.

“நாளை ஒரு நாள் ஓடட்டும் தம்பி. காயைப் பறித்துக் கட்டி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விலை நன்றாக இருக்கும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்வோம்” என்றார் அவர்.

அவர் கூறியதில் நியாயம் இருந்தது. பறித்த காய் காத்திருக்காது. பயிரிடுபவனுக்கு ஒரு நாள் அங்காடி என்பது ஒரு வாரக் கூலிக்குச் சமம் ஆவதும் உண்டு. ஆயினும், கட்டை வண்டியின் அச்சு கிறீச்சிட்டால் மாடு மெல்ல நடக்கும், பெருந்தீங்கு விளையாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியின் முன்சக்கரம் இறுகி நின்றால், ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். இருட்டில், பின்னால் லாரி வரும் கடலூர்ச் சாலையில், அப்படி நேர்ந்தால் என்ன ஆகும்? இதனை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணியார் சமையலறையிலிருந்து வெளியே வந்து, “பக்கத்து வீட்டுச் சிறு லாரி நாளை புதுச்சேரிக்குப் போகிறது. சாக்குகளை அதில் ஏற்றுங்கள். வாடகையை நான் தருகிறேன்” என்றார். தமையனார் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு சாக்குகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சென்றார்.

மறுநாள் காலை நானும் தமையனாரின் மகளும் வேலையைத் தொடங்கினோம். “பெண்பிள்ளை கையில் கிரீசா?” என்று தாயார் முணுமுணுத்தார்கள். “ஆயா, தாத்தா வண்டிக்கு மை செய்யும்போது கரியைக் குழைத்தது யார்?” என்று அவள் கேட்டாள். “நான்தான்” என்று சொல்லிவிட்டு அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதன்பின் மறுப்பு எழவில்லை.

முதலில் தரையில் ஒரு பழைய சாக்கை விரித்தோம். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும், கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அதன்மேல் வைக்க வேண்டும் என்று அவளிடம் கூறினேன். பொருத்தும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும். நினைவை நம்பி இருக்க வேண்டியதில்லை. பிரேக் கம்பியையும் வேகமானியின் கம்பியையும் விடுவித்தோம். அச்சின் முனையில் இருந்த மரையை ஸ்பேனரால் தளர்த்தி, அச்சை மெல்ல உருவினோம். சக்கரம் கைக்கு வந்தது. பிரேக் தட்டைத் தனியே எடுத்து, அதன் கட்டைகளில் மசகு படாதபடி ஒரு துணியில் சுற்றி வைத்தோம். பிரேக் கட்டையில் சிறிது கிரீஸ் பட்டாலும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

குடத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பேரிங் இருக்கும். அவற்றுக்கு இடையே ஒரு குழாய் இருக்கும். அதனை ‘ஸ்பேசர்’ என்பர். வெளிப்புறத்தில், தூசும் நீரும் நுழையாமல் காக்கும் ரப்பர் வளையம் உண்டு. அதனைத் திருப்புளியால் நெம்பி எடுத்தோம். பின்னர் வெந்நீரில் நனைத்த துணியைக் குடத்தின்மேல் சுற்றினோம். குடம் அலுமினியத்தால் ஆனது. பேரிங் எஃகினால் ஆனது. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே, குடத்தின் பிடி சற்றுத் தளரும். “இது எங்கள் பாடத்தில் இருக்கிறது சித்தப்பா. இதற்குத்தான் என்று எனக்குத் தெரியாது” என்றாள் அவள்.

ஒரு கம்பியை எதிர்ப்புறத்திலிருந்து உள்ளே விட்டு, ஸ்பேசரைச் சற்று ஒதுக்கி, பேரிங்கின் உள்வளையத்தின் விளிம்பில் கம்பியின் முனையைப் பொருத்தினோம். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்கலாகாது. மேலே ஓர் அடி, கீழே ஓர் அடி, வலத்தே ஓர் அடி, இடத்தே ஓர் அடி என்று சுற்றிச் சுற்றி மெல்லத் தட்ட வேண்டும். அப்போதுதான் பேரிங் சாயாமல் நேராக வெளிவரும். வளையம் கடினமான எஃகு. சுத்தியலால் நேரே அடித்தால் துணுக்கு தெறிக்கக் கூடும். அதனால் இருவரும் கண்ணாடி அணிந்திருந்தோம்.

முதல் பேரிங் சாக்கின்மேல் விழுந்தது. அதனோடு உடைந்த தகட்டுத் துண்டுகளும் விழுந்தன. குண்டுகளைப் பிரித்து நிறுத்தும் கூண்டு நொறுங்கிப் போயிருந்தது. அவள் குண்டுகளைப் பொறுக்கி ஒரு தட்டில் இட்டு எண்ணினாள். ஏழு இருந்தன. அவை மணியைப்போல் மின்ன வேண்டியவை. அம்மை வடுப்போல் குழி விழுந்து, துருவேறிக் கிடந்தன. கூண்டு உடைந்த பிறகு குண்டுகள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கினால், மறு பக்கம் தாங்குவதற்கு ஒன்றும் இராது. இதை உணர்ந்த அவள், “அப்பா நாளைக்கும் இதில்தானே என்னை அழைத்துப் போயிருப்பார்?” என்று மெல்லக் கேட்டாள். நான் விடை கூறவில்லை.

இது எவ்வாறு நேர்ந்தது? குடத்தினுள் இருந்த கிரீஸ், பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. நீர் புகுந்ததற்கு அதுவே அடையாளம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் பகுதிச் சாலைகளில் நீர் தேங்கி நிற்கும். அன்றியும், வயலிலிருந்து திரும்பும் வண்டியைப் பம்புசெட்டின் நீர்த்தாரையின் கீழே நிறுத்திச் சேறு போகக் கழுவுவது எங்கள் ஊரில் பலரும் செய்வது. விசையோடு பாயும் நீர், ரப்பர் வளையத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே நுழைகிறது. வெளியே வண்டி பளிச்சென்று இருக்கும்; உள்ளே எஃகில் துரு பிடிக்கும். துருப்பிடித்த இடத்தில் குழி விழும். குழியின்மேல் குண்டு உருளும்போது அதிர்வு எழும். அவ்வதிர்வு குழியை மேலும் பெரிதாக்கும். தொடக்கத்தில் மெல்லச் செல்லும் தேய்வு, இறுதியில் விரைந்து செல்வது இதனாலேதான்.

மற்றொரு பக்கத்துப் பேரிங்கும் வெளிவந்தது. அது பார்வைக்கு நன்றாகவே இருந்தது. “இதையும் மாற்ற வேண்டுமா?” என்று அவள் கேட்டாள். விரலில் செருகிச் சுழற்றிப் பார்க்கச் சொன்னேன். சுழலும்போது நறநறவென்ற உணர்வு அவள் விரலுக்குத் தெரிந்தது. இரண்டும் ஒரே தொலைவு ஓடியவை. ஒரே நீரில் நனைந்தவை. இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே முறை.

பழைய பேரிங்கைத் துடைத்ததும் அதன் பக்கத்தில் 6201 என்னும் எண் தெரிந்தது. இவ்வெண்ணைப் படிக்கும் முறை எளிது. கடைசி இரண்டு இலக்கம் துளையின் அளவைக் குறிக்கும். 00 என்றால் 10 மில்லிமீட்டர். 01 என்றால் 12. 02 என்றால் 15. 03 என்றால் 17. அதற்குமேல், 04 முதல், அந்த இலக்கத்தை ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 6201இன் துளை 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 32, தடிப்பு 10. இவ்வளவுகள் உலகெங்கும் ஒன்றே. எந்த நாட்டில் செய்தாலும் இந்த எண்ணுள்ள பேரிங் அதே இடத்தில் பொருந்தும். ஒரு சிறு வளையத்தில் உலக நாடுகள் ஒத்துப்போகின்றன என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி.

நான் மிதிவண்டியில் பாகூர்க் கடைத்தெருவுக்குச் சென்றேன். கடைக்காரர் இரண்டு வகைகளை எடுத்து வைத்தார். ஒன்றில் எண்ணும் செய்தவர் பெயரும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. மற்றொன்றின் விலை பாதிக்கும் குறைவு; அதில் எழுத்து மங்கலாக இருந்தது; சுழற்றினால் ஒரே சீராகச் சுழலவில்லை. தெளிவானதையே இரண்டு வாங்கினேன். இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ள வகை அது. அதற்குள் வேண்டிய அளவு கிரீஸ் முன்னரே இடப்பட்டிருக்கும். அதனை டீசலில் கழுவுவதோ மூடியைத் திறப்பதோ கூடாது. மூடி இல்லாத வகையாயின் நாமே கிரீஸ் இட வேண்டும். அப்போதும், உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் நிரப்பினால் சூடு மிகும். மசகுக்கும் அளவு உண்டு.

நான் திரும்பியபோது அவள் குடத்தின் உட்புறத்தை டீசல் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, வெயிலில் வைத்திருந்தாள். அச்சைச் சமமான தரையில் உருட்டி, வளைவு இல்லை என்பதையும் பார்த்திருந்தாள். பேரிங் அமரும் இடத்தில் தேய்வு இல்லை. அது தேய்ந்திருந்தால் புதிய பேரிங்கும் நிலைத்து நில்லாது. குடத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

புதியதைப் பொருத்தும்போது நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விசை வெளிவளையத்தின் மேலேயே செல்ல வேண்டும். உள்வளையத்தில் அடித்தால், அவ்வடி குண்டுகளின் வழியே சென்று வளையத்தின் பாதையில் பள்ளம் உண்டாக்கும். புதிய பேரிங் ஓடுமுன்பே கெட்டுவிடும். ஆகவே, பழைய பேரிங்கின் வெளிவளையத்தைப் புதியதன் மேல் வைத்து, அதன்மேல் ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டினோம். தட்டும் ஓசை மெல்லிதாக இருந்து, பேரிங் அடியில் சென்று அமர்ந்தவுடன் கனத்து ஒலித்தது. “அமர்ந்துவிட்டது” என்று திண்ணையிலிருந்து தாயார் குரல் கொடுத்தார்கள்.

அடுத்து ஸ்பேசரை உள்ளே இட்டோம். பார்வைக்கு அது வெறும் இரும்புக் குழாய்தான். ஆனால், அது இல்லாமல் மரையை இறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்படும். குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். சில நாளில் பேரிங் சூடேறி அழியும். பின்னர் இரண்டாவது பேரிங்கை, அதன் உள்வளையம் ஸ்பேசரைத் தொடும் அளவுக்குத் தட்டி அமர்த்தினோம். ரப்பர் வளையங்களைப் புதியனவாக இட்டு, அவற்றின் விளிம்பில் சிறிது கிரீஸ் தடவினோம்.

சக்கரத்தை ஏற்றும்போது, பிரேக் தட்டில் உள்ள பள்ளம் முன்கவையில் உள்ள முனையில் சரியாகப் பொருந்தியதா என்று இருமுறை பார்த்தோம். அது பொருந்தாவிட்டால், பிரேக் பிடித்தவுடன் தட்டும் சக்கரத்தோடு சுழன்று பெருந்தீங்கு செய்யும். பிறகு மரையை இறுக்கினோம். கம்பிகளை மாட்டினோம். சாக்கின்மேல் ஒன்றும் மிஞ்சவில்லை.

நண்பகலில் தமையனார் பேருந்தில் வந்து சேர்ந்தார். தட்டில் இருந்த ஏழு குண்டுகளையும் உடைந்த கூண்டையும் அவர் மகள் அவரிடம் காட்டினாள். அவர் ஒரு குண்டை எடுத்து வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “இவ்வளவு சிறியதா?” என்று மட்டும் கேட்டார். பின்னர் சக்கரத்தைச் சுழற்றினார். அது ஓசையின்றி நெடுநேரம் சுழன்றது. மாலையில் அவர் வெற்று வண்டியை ஏரிக்கரைவரை மெல்ல ஓட்டிப் பார்த்தார். திரும்பியதும் நான் குடத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. மறுநாள் அங்காடிக்குச் சென்று வந்த பின் மரை தளர்ந்திருக்கிறதா என்று மீண்டும் ஒருமுறை சோதிக்கும்படி அவள் தன் தந்தையிடம் கூறினாள். அவரும் அவ்வாறே செய்தார்.

பாகூர் பழைமையான கல்வி நிலையம் இருந்த ஊர் என்பதை மாணவர்கள் அறிந்திருக்கலாம். கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இவ்வூரின் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. கற்பவர் கவலையின்றிக் கற்க ஊர்களையே கொடுத்த மண் இது. அத்தகைய மண்ணில், கையால் செய்யும் தொழில் வேறு, கல்வி வேறு என்று நாம் பிரித்துப் பேசுவது பொருந்துமா? வெப்பத்தால் பொருள்கள் விரிகின்றன என்பது ஏட்டில் ஒரு வரி. அவ்வரி என் தமையனார் மகளின் கையில் ஒரு பேரிங்கை விடுவித்தது. உராய்வு என்பது தேர்வில் ஒரு வினா. அவ்வினாவுக்கு உரிய விடை அவள் தந்தையின் உயிரோடு தொடர்புடையது என்பதை அவள் அன்று கண்டாள்.

வீட்டில் செய்யத் தகாத வேலைகளும் உண்டு. கருவியும் பழக்கமும் இல்லாதவர் தனியே இதில் இறங்கக் கூடாது. அறிந்த பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். ஆனால், சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பதும், அசைத்துப் பார்ப்பதும், ஓசையைக் கேட்பதும் எவரும் செய்யக் கூடியவை. உங்கள் வீட்டு மிதிவண்டியை நாளைக்கே ஒருமுறை தூக்கி நிறுத்தி, அதன் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். உள்ளே உழைப்பவை வாய் திறந்து பேசா. சிறு முனகலால் மட்டுமே தம் குறையைத் தெரிவிக்கும். அம்முனகலைச் செவிமடுத்து, ‘நாளை பார்ப்போம்’ என்று தள்ளாமல் அன்றே கவனிப்பவர், தம்மையும் தம்மை நம்பி ஏறுபவரையும் காப்பவர் ஆவர்.